தெளிந்தபின் தயங்கலாமா?

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அதனையடுத்துத் ‘தெரிந்து வினையாடல்’ என மற்றோர் அதிகாரம் வைத்தார். தக்கவர் இவர் என ஆராய்ந்து நம்புவது முன்னது. நம்பியவரிடம் வினையை ஒப்படைப்பது பின்னது. அரசர்க்கு உரைத்தவையாயினும், ஆள் வைத்துத் தொழில் நடத்துவோர் எவர்க்கும் இவை பொருந்தும். நம் தொழிலதிபர் பலர் முதல் அதிகாரத்தில் தேறிவிட்டு, இரண்டாவதன் வாயிலில் தயங்கி நிற்கின்றனர். வளரும் தொழிலைவிட்டுத் திறமைசாலிகள் விலகுவதற்கு இத்தயக்கமே பெருங்காரணம் என்பது நம் கருத்து.

ஆண்டாள் கோயிலால் புகழ்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவாவாலும் பெயர் உண்டு. 2019ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். அடுப்பின் முன் நின்று கிண்டுபவரின் கைப்பக்குவத்தைக் காக்குமா? பால் எப்போது சுண்டும், சர்க்கரையை எப்போது சேர்ப்பது, தீயை எப்போது தணிப்பது என்பனவெல்லாம் அவருடைய கண்ணிலும் கையிலும் இருக்கின்றன. ஓர் அடுப்பு இருந்தபோது முதலாளியே அருகில் நின்றார். அடுப்புகள் பெருகிக் கிளைகள் தோன்றியபின் அவர் எங்கும் நிற்க இயலாது. அப்போதும், “இன்றைய பால் சரியில்லை, வேண்டாம்” என்று சொல்லும் அதிகாரம் அக்கைப்பக்குவக்காரருக்கு இல்லையெனில், கெடுவது ஒருநாள் சரக்கு மட்டுமன்று, கடையின் பெயருமாம்.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராஜபாளையம் வேறொரு பாடத்தைத் தருகிறது. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 1962இல் அவர் மறைந்தபின் அவர்தம் மைந்தர் பி.ஆர். இராமசுப்பிரமணிய ராஜா பொறுப்பேற்றார். 1997இல் அக்குழுமத்தில் ராம்கோ சிஸ்டம்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனமும் தோன்றிற்று. நூல், சிமெண்ட், மென்பொருள் என்னும் இம்மூன்றிலும் ஒரு குடும்பத்தாரே வல்லுநராதல் இயலுமா? அந்தந்தத் துறை அறிந்தவரிடம் அந்தந்தத் துறையின் முடிவை விட்டாலன்றி இத்தகைய வளர்ச்சி கைகூடாது. முதல் ஒரு குடும்பத்தினுடையதாகலாம். அறிவு அவ்வாறு ஆகாது.

இதற்கு மாறான வழியொன்றும் நம் நாட்டில் உண்டு. விசைத்தறி ஓடும் ஊர்கள் பலவற்றில், தேர்ந்த தொழிலாளி வேறிடம் செல்லாதிருக்க முன்பணம் கொடுத்து நிறுத்தும் வழக்கத்தைக் காண்கிறோம். கடனைக் காட்டி ஒருவர் விரும்பிய இடத்தில் வேலை செய்வதைத் தடுப்பது, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்திற்கு முரணானது. சட்டம் கிடக்கட்டும், கடனால் கட்டுண்டவர் கையைத் தருவார், கருத்தைத் தருவாரா?

நம் சமுதாயப் பெரியோர்களிடம் ஒன்றைப் பணிவுடன் கேட்க விரும்புகிறோம். இருபது ஆண்டுகள் கடையைக் கட்டிக் காத்த மேலாளர் இருக்க, நேற்று வந்த மகனிடமோ மருமகனிடமோ சாவியைக் கொடுத்துவிடுகிறோமே, அது நீதியா? அன்னை கதீஜா (ரலி) அவர்கள் பெரும் வணிகச் சீமாட்டி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நேர்மையைக் கேள்வியுற்று, ஷாம் நாட்டுக்குச் செல்லும் தம் வணிகச் சரக்கை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். மற்றவர்க்குத் தந்ததினும் மேலானதைத் தர முன்வந்தார்கள். அப்போது அவர்களிடையே மணவுறவு இல்லை. வாய்மையும் திறமையுமே தகுதிகளாக இருந்தன. ஒருவர் முதலும் மற்றொருவர் உழைப்பும் இட்டு, பேசிய விகிதப்படி இலாபத்தைப் பகிரும் ‘முளாரபா’ முறையை நம் மார்க்க அறிஞர்கள் விரித்துரைத்துள்ளனர். வங்கி பற்றிய விவாதங்களில் அதனை நினைவுகூரும் நாம், நம் கடைச் சிப்பந்தியை எண்ணும்போது மறந்துவிடுகிறோம்.

“தொழிலைக் கற்றுக்கொடுத்தால் எதிரிலேயே கடை வைத்துவிடுவானே” என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் பொய்யன்று, சிலர் வைக்கத்தான் செய்வர். ஆயினும், இங்கே தமக்கு எதிர்காலம் இல்லை எனக் கண்டவரே பெரும்பாலும் எதிர்க்கடை வைக்கின்றார். இலாபத்தில் பங்கும் முடிவில் குரலும் பெற்றவர்க்கு இக்கடையே தம் கடையாகிவிடும். ஒப்படைத்தல் என்பது கண்ணை மூடிக்கொள்ளுதலும் அன்று. எல்லையை வகுத்துக் கணக்கைக் கேட்பது முதலாளியின் கடமை. அவ்வெல்லைக்குள் நாள்தோறும் தலையிடாதிருப்பது அவர்தம் பெருந்தன்மை.

மாணவச் செல்வங்களே! உங்களில் சிலர் நாளை தந்தையாரின் இருக்கையில் அமர்வீர். பலர் பிறர் நிறுவனத்தில் பணிபுரிவீர். பணிபுரிவோர், நம்பிக்கையைக் கோருமுன் கணக்கைத் துல்லியமாக ஒப்படைக்கக் கற்க வேண்டும். இருக்கையில் அமர்வோர், தம்மினும் வல்லவரை அருகில் அமர்த்த அஞ்சாதிருக்க வேண்டும். ஆளைத் தெரிந்து தெளிந்தபின் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பவர், தம் தொழிலின் கதவைத் தாமே அடைத்தவர் ஆவார்.