கட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள்?

"இதிலே மனுஷனே இல்லையே, மச்சான்!" என்றார் என் தங்கையின் கணவர்.

திருப்பூரில் அவர் வீட்டுக் கூடத்தில், சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்த ஓர் ஓவியத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. வரைந்தவள் அவருடைய மகள். பகலெல்லாம் ஒரு பனியன் கம்பெனியில், பையர் கேட்ட நிறத்துக்கு டையிங்கிலிருந்து வந்த லேப் டிப் ஒத்துப் போகிறதா என்று பார்க்கிற வேலை. இரவானால் கித்தானும் வர்ணமுமாக உட்கார்ந்து விடுகிறாள். மூன்றடிக்கு நாலடி அளவுள்ள அந்தப் படத்தில், இரண்டு வரிசையாக, ஒரே அளவில் பதினாலு செவ்வகங்கள். ஒன்பது கறுப்பு, ஐந்து மஞ்சள். ஓரமாக ஒரு நீலச் சதுரம். அடியில், இன்ன நிறமென்று சொல்ல முடியாதபடி கலங்கிய ஒரு பட்டை. அவ்வளவுதான்.

'மனுஷன் இல்லை' என்கிற இந்தக் குற்றச்சாட்டோடு எனக்கு வெகு நாளாகவே ஒரு வழக்கு உண்டு. இன்று அதைத் தீர்த்துக்கொள்ளப் போகிறேன்.

'புரியவில்லை' என்று சொல்வதில் அவமானம் ஒன்றுமில்லை. எனக்கும் பல ஓவியங்கள் புரிவதில்லை. ஆனால், 'எனக்குப் புரியவில்லை, ஆகவே இது மோசடி' என்கிறார்களே, அந்த 'ஆகவே'யைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மாப்பிள்ளை இந்தத் தீர்ப்பைச் சொன்னபோது எதன்மேல் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? பவானி ஜமக்காளத்தின் மேல்! சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக ஓடுகிறதே, அதில் மனிதன் எங்கே என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. தொழிலிலும் அப்படித்தான். இன்ஜினியரிங் ஸ்டிரைப் ஓட்டுகிற நிட்டிங் மெஷின் எதிரில் நின்று, பட்டை ஒரு நூல் அகலம் கூடிப் போயிற்று என்று துணி ரோலைத் திருப்பி அனுப்புகிறவர் அவர். இரண்டு சிவப்புகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இது செத்த சிவப்பு, இது உயிருள்ள சிவப்பு என்று அவர் பிரித்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சென்னையில் ஓவிய விமரிசனம் எழுதுகிற பலருக்கு அந்தக் கண் கிடையாது. அப்படிப்பட்டவர் மகளுடைய படத்தின் முன்னால் வந்ததும் திடீரென்று குருடராகி விடுகிறார். விலைச்சீட்டு இல்லாத நிறத்தைப் பார்க்க அவருக்குப் பழக்கமில்லை.

(இந்த இடத்தில் கோலத்தை இழுத்துக்கொண்டு வந்து, 'நமக்கு இதெல்லாம் புதிதல்ல' என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் பிடிக்காது. கோலம் வாசலுக்குப் போடுவது. இவள் போட்டிருப்பது வாசலையே.)

முகத்தை எழுதத் தெரியாதவர்கள்தாம் கட்டம் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ராம்குமார் என்ற ஓவியரைப் பற்றிச் சொல்கிறேன். சிம்லாவில் 1924ல் பிறந்தவர். ஹிந்தியில் நல்ல சிறுகதைகள் எழுதியவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். 1950களில் அவர் எழுதியதெல்லாம் மனிதர்களைத்தான். நகரத்தில் வேலையும் துணையும் இல்லாமல் நிற்கிறவர்களின் வாடிய முகங்கள். 1960ல் ஹுஸைனோடு காசிக்குப் போனார். அதன் பிறகு அவர் படங்களிலிருந்து மனிதர்கள் மெல்ல மெல்ல வெளியேறி விட்டார்கள். படித்துறையும் வீடுகளும் நதியும் தளங்களாகவும் துண்டுகளாகவும் மாறின. முகம் எழுதத் தெரியாமலா அவர் இதைச் செய்தார்? காசியின் துக்கம் ஒரு முகத்தில் அடங்காது என்று கண்டுகொண்டார் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொருவர் ஹாலந்து தேசத்து மோந்திரியான். யுத்தத்துக்குத் தப்பி 1940ல் நியூயார்க் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 68. அதற்குமுன் வருஷக் கணக்காகக் கறுப்புக் கோட்டினால் கட்டம் கட்டியவர், அந்த ஊர்த் தெருக்களையும் சங்கீதத்தையும் அனுபவித்தபின் கறுப்புக் கோட்டையே விட்டு விட்டார். 1942-43ல் அவர் எழுதிய 'பிராட்வே பூகி-வூகி'யில் மஞ்சள் கோடுகளின் மேல் சிவப்பும் நீலமும் சாம்பலும் தெருவில் ஓடுகிற வண்டிகளைப் போலத் துள்ளுகின்றன. ஒரு மனிதன்கூட இல்லை. ஆனால் ஊர் முழுவதும் இருக்கிறது.

நாவலாசிரியர்களாகிய நாங்களும் இதில் குற்றவாளிகளே. நாலு பேரை அழ வைத்துவிட்டால் வாழ்க்கையைச் சொல்லி விட்டதாக நினைத்துக்கொள்கிறோம். திருப்பூரை வைத்து நானும் கதைகள் எழுதியிருக்கிறேன். ஓவர்லாக் மெஷினும் கட்டிங் டேபிளும் அதில் வரும்; ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவள் குடியிருந்த லைன் வீட்டில் எத்தனை கதவு என்று நான் எண்ணிப் பார்த்ததே கிடையாது.

இவள் எண்ணியிருக்கிறாள். "மாமா, ராத்திரி எட்டு மணிக்கு எங்க மாடியிலிருந்து பாருங்க. ஒன்றரை ஷிப்டுக்குப் போனவங்க வீடெல்லாம் இருட்டாக் கிடக்கும். அன்னிக்கு ஒம்பது வீடுங்க" என்றாள். நீலச் சதுரம் பதினாலு வீட்டுக்கும் பொதுவான தண்ணீர்த் தொட்டி. அடியில் கலங்கிய பட்டை நொய்யல். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அவள் பள்ளிக்கூடத்துச் சிறுமி. அதற்குமுன் ஆற்றில் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு நிறம் ஓடியது அவளுக்கு நினைவிருக்கிறது. அந்த நிறங்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசித்தான் அந்தப் பட்டையை உண்டாக்கினாளாம்.

அந்த லைனில் குடியிருக்கும் செக்கிங் வேலைக்காரி ஒருத்தி வாடகை கொடுக்க வந்திருந்தாள். படத்தின் முன் சற்று நின்று, "அம்மணி, இதிலே எங்க வீடு எது?" என்று கேட்டாள். மாப்பிள்ளை அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அவள் வேலை பார்க்கிற இடத்தில் யாரோ அந்தப் படத்தை அவளுடைய செல்போனில் பார்த்து, டிசைன் பிரிவுக்கு அனுப்பி விட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் அது ஒரு டி-ஷர்ட்டின் மார்புப் பக்கமாகச் சாம்பிள் வந்து நின்றது. மஞ்சள் அப்படியே இருந்தது. கறுப்பு மட்டும் இல்லை. 'இருட்டு விலை போகாது' என்று அந்த ஒன்பது கட்டத்துக்கும் ஆரஞ்சு நிறம் கொடுத்து விட்டார்கள்! வேலைக்குப் போய் இன்னும் திரும்பி வராத ஒன்பது வீட்டுக்காரர்களையும் ஒரே சாயத்தில் அழித்தாயிற்று. மோந்திரியானின் கட்டங்களையும் 1965ல் பாரிஸில் ஈவ் சாந் லோரான் கவுனாகத் தைத்தார். அங்கே அந்தக் கட்டங்கள் யாருடைய வீடு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

சாம்பிளைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு ஒரே பூரிப்பு. "பார்த்தீங்களா மச்சான், இப்பத்தான் அது உருப்படியாச்சு!" என்றார். மனுஷன் இல்லை என்ற குறை அப்போது அவருக்கு ஞாபகமே வரவில்லை.

மகள் ஒன்றும் பேசவில்லை. படத்தைப் பழைய வேட்டியில் சுற்றி என்னிடம் கொடுத்து விட்டாள். அது இப்போது என் எழுது மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறது. திருப்பித் தர வேண்டுமானால் முன் கூடத்தில், பஞ்சாலைக் காலண்டர் தொங்குகிற ஆணியில்தான் மாட்ட வேண்டும் என்று மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.