கண்காணாக் கடைத்தெரு

நுழையும்முன்

பொருளைத் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, விலை பேசி வாங்குவது நெடுநாளைய வழக்கம். திரையில் படம் பார்த்து, பணம் செலுத்தி, வாசலில் பொதியைப் பெற்றுக்கொள்வது இன்றைய வழக்கம். ஆடையின் தரத்தை அணிந்து பார்த்தவுடன் அறியலாம். மின்னணுப் பொருளின் தரமோ கண்ணுக்கும் கைக்கும் எளிதில் புலப்படுவதில்லை. அத்தகைய பொருளை இணையச் சந்தையில் வாங்குவதால் கிடைக்கும் ஆதாயம், அதில் மறைந்திருக்கும் இடர், அவ்விடருக்கு யார் பொறுப்பு என்னும் வினா ஆகியவற்றைப் பேசுகிறது இக்கட்டுரை.

பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியுமாக மதுரையின் வணிகம் நடைபெற்றதை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்காமலும் நடுவுநிலையுடன் வணிகம் செய்ததைப் பட்டினப்பாலை போற்றுகிறது. வணிகர் அனைவரும் அவ்வாறே நடந்திருந்தால், அதனைத் தனித்துப் பாராட்டவேண்டிய தேவை புலவருக்கு ஏற்பட்டிராது! நேர்மையற்ற வணிகம் அன்றும் இருந்திருக்கவேண்டும். எனினும் அந்த அங்காடிகளில் வாங்குபவரும் விற்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பணம் கொடுக்கும் முன்பே பொருள் வாங்குபவரின் கைக்கு வந்தது. கடை மறுநாளும் அதே தெருவில் இருந்தது. இம்மூன்று உறுதிகளையும் இணையச் சந்தை ஒருசேர நீக்கிவிட்டது. அவற்றுக்கு மாற்றாக அது எதனைத் தருகிறது?

வாசலுக்கு வந்த கடை

முதலில் அது தரும் நன்மையைக் குறைத்து மதிப்பிடாமல் பார்க்கவேண்டும். கடலோரச் சிற்றூர் ஒன்றில் பயிலும் மாணவி ஒருத்தி, மண்ணின் ஈரத்தை அளந்து தானே நீர் பாய்ச்சும் கருவியொன்றை அறிவியல் கண்காட்சிக்காகச் செய்ய விரும்புகிறாள் எனக் கொள்ளலாம். அவளுக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பலகை, மண்ணின் ஈரப்பதத்தை உணரும் சிறு கருவி, ஒரு ரிலே, ஒரு சிறு மோட்டார் ஆகியவை தேவை. அவளுடைய ஊரிலோ பக்கத்து நகரிலோ இவற்றை விற்கும் கடை இல்லை. முன்னாளில் இத்தகைய உதிரிப் பொருள்களுக்காகச் சென்னை அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவுக்குத்தான் வரவேண்டியிருந்தது. பொருளின் விலையைக் காட்டிலும் பயணச் செலவு மிகுதி. அந்த ஒரு காரணத்தாலேயே எத்தனையோ சிற்றூர்களில் எத்தனையோ கருவிகள் உருவாகாமல் போயிருக்கும். இன்று அதே பொருள்கள் சில நாள்களில் அவள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன.

அவள் வாங்கும் பலகை பெரும்பாலும் ஆர்டுயினோ வகையைச் சேர்ந்ததாக இருக்கும். இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005ஆம் ஆண்டு மாணவர்களின் பயன்பாட்டைக் கருதியே உருவாக்கப்பட்ட பலகை அது. அதன் வடிவமைப்பை உருவாக்கியவர்கள் மறைத்து வைக்கவில்லை. எவரும் பார்த்துச் செய்துகொள்ளலாம் என வெளியிட்டுவிட்டனர். ஆகவே, வேறொருவர் அதே வடிவில் செய்து தம் பெயரில் மலிவாக விற்பது போலி ஆகாது. மூல நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் அதன்மேல் அச்சிட்டு விற்கும்போதுதான் அது போலியாகிறது. மலிவான பொருள் எல்லாம் ஏமாற்று என எண்ணுவோர் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

பழைய மடிக்கணினியின் மின்கலம், உடைந்த விசைப்பலகைக்கு மாற்று எனப் பக்கத்துக் கடைக்காரர் "கிடைக்காது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடும் பொருள்களும் இணையச் சந்தையில் கிடைக்கின்றன. ஒரே திறன்பேசிக்குப் பலர் கேட்கும் விலையை ஒரே திரையில் ஒப்பிட முடிகிறது. உள்ளூர்க் கடையில் வாங்குபவருக்கும் இதனால் பயன் உண்டு. கடைக்காரர் சொல்லும் விலை சரியா என்பதை அவர் கடைக்குள் நின்றபடியே பார்த்துவிடுகிறார்.

மறைந்திருக்கும் தரம்

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பழைய கார்களின் சந்தையை அதில் எடுத்துக்காட்டாகக் கொண்டார். காரில் உள்ள குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்ல காரா, பழுதான காரா என அறிய இயலாத வாங்குபவர், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு விலையையே கொடுக்க முன்வருவார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அவ்விலை கட்டுப்படியாகாது, அவர் விலகிக்கொள்வார். பழுதான காரை வைத்திருப்பவருக்கோ அது கொள்ளை ஆதாயம். இவ்வாறு, தரத்தை அறிய வழியில்லாத சந்தையில் கெட்ட பொருள் நல்ல பொருளை வெளியேற்றிவிடும் என்றார் அவர். 2001ஆம் ஆண்டு அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு, வேறு இருவருடன் பகிர்ந்து வழங்கப்பட்டது.

அவர் சொன்னதற்கு இணையச் சந்தையின் மலிவான பென்டிரைவைக் காட்டிலும் பொருத்தமான சான்று இல்லை. உறையின்மேல் அதன் கொள்ளளவு ஒரு டெராபைட், அதாவது ஏறத்தாழ ஆயிரம் ஜிபி என அச்சிடப்பட்டிருக்கிறது. கணினியில் செருகினால் கணினியும் ஒரு டெராபைட் என்றே காட்டுகிறது. உள்ளே இருக்கும் நினைவகமோ 16 ஜிபி மட்டுமே. கணினி, பென்டிரைவைத் திறந்து அளந்து பார்ப்பதில்லை. அதனுள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அந்தச் சில்லில் பதிந்துள்ள நிரலை மாற்றி, பொய்யான எண்ணைச் சொல்லவைத்துவிடுகின்றனர். முதல் 16 ஜிபி வரை எல்லாம் சரியாக நடக்கும். அதற்கு மேல் சேமிப்பவை எங்கும் பதிவாவதில்லை. அல்லது முன்பு சேமித்தவற்றின்மேலேயே பதிந்து அவற்றை அழிக்கின்றன. கோப்புகளின் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரியும். திறந்தால் உள்ளே ஒன்றும் இராது.

இந்த ஏமாற்றின் கூர்மை அதன் காலக்கணக்கில் இருக்கிறது. வாங்கிய வாரத்திலேயே எவரும் பென்டிரைவை நிரப்புவதில்லை. பாடக் குறிப்புகள், குடும்பத் திருமணப் படங்கள் எனச் சிறிது சிறிதாக நிரம்பிக் குறை வெளிப்படும்போது, திருப்பி அனுப்புவதற்குரிய நாள்கள் கடந்திருக்கும். அதற்குள் வாங்கியவரே "நல்ல பொருள், விரைவாக வந்தது" என்று ஐந்து நட்சத்திரம் அளித்திருப்பார்! அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. இதே பென்டிரைவைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. தொட்டுப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு என்னும் பழைய நம்பிக்கை இங்கே உதவுவதில்லை. கொள்ளளவு முழுவதையும் நிரப்பி, மீண்டும் படித்துப் பார்க்கும் சோதனை மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வாங்கிய அன்றே அச்சோதனையைச் செய்துவிட்டால் உண்மை வெளிப்படும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும், அவ்வளவே.

பென்டிரைவால் நேர்வது தகவல் இழப்பு. சார்ஜரால் உயிரிழப்பே நேரலாம். சுவரிலுள்ள மின்செருகுமுனையில் 230 வோல்ட் மின்னழுத்தம் இருக்கிறது. திறன்பேசிக்குச் செல்லும் கம்பியில் பெரும்பாலும் 5 வோல்ட் போதும். இவ்விரண்டும் எந்நிலையிலும் ஒன்றையொன்று தொடாதவாறு பிரித்து வைப்பதே சார்ஜரின் முதன்மைப் பணி. மலிவுக்காக அந்தப் பிரிப்பில் சிக்கனம் செய்யும்போது, கையில் இருக்கும் திறன்பேசிவரை மின்னதிர்ச்சி வரக்கூடும். எனவேதான் இந்தியாவில் சார்ஜர், பவர் பேங்க், திறன்பேசி, மடிக்கணினி போன்ற மின்னணுப் பொருள்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அப்பதிவு எண் பொருளின்மேல் 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்துடன் பொறிக்கப்பட்டிருக்கும். அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அவ்வெண்ணை உள்ளிட்டால், அது எந்த நிறுவனத்தின் எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். எண்ணே இல்லாத சார்ஜரை, எவ்வளவு மலிவாயினும், வாங்காமல் விடுவதே முறை.

விற்பவர் யார்?

இணையத்தில் வாங்குவோர் பலர், தாம் வாங்கியது அந்தப் பெரிய நிறுவனத்திடமிருந்து என்றே கருதுகின்றனர். பெரும்பாலும் அது உண்மையன்று. வெளிநாட்டு முதலீடு பெற்ற நிறுவனம் சந்தையை நடத்தலாமே தவிர, தானே சரக்கை வைத்து நுகர்வோருக்கு விற்கக் கூடாது என்பது இந்திய அரசின் கொள்கை. ஆகவே, பொருளின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் காணப்படும் பெயரே உண்மையான விற்பனையாளருடையது. கண்ணைக் கவரும் விலையைப் பெரிதாக்கியவர்கள் இப்பெயரை ஏன் சிறிதாக்கினர் என்று வியக்கத் தோன்றுகிறது.

2020ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பனையாளரின் பெயர், முகவரி ஆகியவற்றைச் சந்தை வெளிப்படுத்தவேண்டும். விற்பவர் தரும் விலைப்பட்டியலில் பதினைந்து இடங்கள் கொண்ட ஜி.எஸ்.டி. எண் இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பன. 33 எனத் தொடங்கினால் அவர் தமிழ்நாட்டில் பதிவு செய்தவர். அரசின் இணையதளத்தில் அவ்வெண்ணைத் தேடினால், அவர் உண்மையில் வணிகம் செய்பவரா என்பதும் தெரியும். திறன்பேசியாயின் *#06# என அழுத்த, அதன் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் தோன்றும். அது பெட்டியிலும் விலைப்பட்டியலிலும் உள்ள எண்ணுடன் ஒத்திருக்கவேண்டும். பழைய திறன்பேசியை வாங்குவோர், கே.ஒய்.எம். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளையும் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளலாம். திருட்டுப் பொருளை அறியாமல் வாங்கியவரும் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லவேண்டியிருக்கும்.

முகம் பார்த்தலும் கைப்பொருளும் மறுநாள் கடையும் ஆகிய மூன்றுக்கும் மாற்றாக இணையச் சந்தை தருவது இத்தகைய எண்களும் ஆவணங்களுமே. அவற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு அவை வலிமையான சான்றுகள். தெரியாதவருக்குப் பெட்டியோடு குப்பைக்குப் போகும் காகிதங்கள். பொதியைப் பிரிக்கும்போதே காணொளியாகப் பதிவு செய்பவரை மிகையான ஐயம் கொண்டவர் எனச் சிலர் நகைப்பதுண்டு. திறன்பேசிப் பெட்டிக்குள் சோப்புக் கட்டியைக் கண்டவர்கள் நகைப்பதில்லை.

பொறுப்பு யாருடையது?

ஏமாந்தவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. பழுதான பொருளையோ போலியையோ விளம்பரத்துக்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மறுக்க விற்பனையாளருக்கு உரிமை இல்லை. சந்தையின் குறைதீர் அலுவலர், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முந்தைய சட்டத்தைப்போலன்றி, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க வழிசெய்துள்ளது. விற்பனையாளர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அந்தக் கடலோரச் சிற்றூர் மாணவியின் குடும்பம் அங்குச் செல்லவேண்டியதில்லை. செலுத்திய தொகை ஐந்து இலட்சம் ரூபாய்வரை இருப்பின் வழக்குக் கட்டணமும் இல்லை.

ஆனால், சில நூறு ரூபாய்ப் பென்டிரைவுக்காக எத்தனை பேர் வழக்குத் தொடுப்பர்? ஏமாற்றுபவர் நம்பியிருப்பது இதனைத்தான். இங்கே சந்தை நடத்துவோரின் பொறுப்பைப் பேசியாகவேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் அவர்கள் கழிவுத்தொகை பெறுகின்றனர். பல பொருள்களைத் தம் கிடங்கிலேயே வைத்து, தம் பெயர் பொறித்த பெட்டியில் இட்டு, தம் ஆளிடமே கொடுத்து அனுப்புகின்றனர். குறை நேர்ந்தால் மட்டும் தாம் இடைநிலையாளரே எனத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவைக் காட்டுவதுண்டு. மற்றவர் வெளியிடும் செய்திக்கு இடைநிலையாளரைப் பொறுப்பாக்காத பிரிவு அது. அஞ்சல்காரருக்கு அப்பாதுகாப்பு பொருந்தும். கடைத்தெருவையே வாடகைக்கு விடுபவருக்கு அதே அளவில் பொருந்துமா?

எந்த விற்பனையாளரின் எந்தப் பொருள் எத்தனை முறை, எக்காரணத்தால் திரும்பி வருகிறது என்பது சந்தை நடத்துவோருக்குத் தெரியும். அக்கர்லாஃப் கூறியபடி வாங்குபவரிடம் இல்லாத அறிவு, இன்று அவர்களுடைய கணினியில் குவிந்து கிடக்கிறது. உண்மையான ஒரு டெராபைட் நினைவகத்தின் விலையை அறிந்த அவர்கள், அதில் சிறு பங்கு விலைக்கு விற்பதாக ஒருவர் முன்வந்தால் அதனைத் தடுக்க முடியாதா? பொறுப்பைக் கூட்டினால் சிறு வணிகர்கள் சந்தைக்குள் நுழைய இயலாது, விலையும் உயரும் என்னும் மறுப்பு உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது, சோதனைக்குச் செலவாகும். எனினும் மூலப் பொருளைச் சரியாக விற்கும் சிறு வணிகரையே போலிகள் முதலில் வெளியேற்றுகின்றன. அவரைக் காப்பதற்கான செலவை அவர்மேல் ஏற்றாமல், கழிவுத்தொகை பெறுவோர் ஏற்றுக்கொள்வதே நியாயம்.

அதன் தொடக்கம் பெரிய செலவையும் கேட்பதன்று. பொருளைத் திருப்பி அனுப்பும்போது வாங்கியவர் குறிப்பிடும் காரணம், பெரும்பாலும் சந்தை நடத்துவோரின் கணக்கிலேயே தங்கிவிடுகிறது. அதனை விற்பனையாளரின் பெயருக்கு அருகில், ஒளிரும் நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடவேண்டும். அடுத்த மாணவி பணம் செலுத்துவதற்கு முன்பு அது அவள் கண்ணில் படவேண்டும்.