சாப்ட்வேர் உத்தியோகமும் “தகுதி”யும்

சாப்ட்வேர் உத்தியோகம் என்கின்ற பேச்சு இன்று பட்டணத்துக்காரர்கள் வாயில் மாத்திரமல்லாமல், மழையை நம்பிப் பயிர் செய்கின்ற பட்டிக்காட்டான் வாயிலும் அடிபடுகின்றது. இதில் நமக்குச் சந்தோஷமே. தகப்பன் செய்த தொழிலையே மகனும் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருந்த ஒரு நாட்டில், எந்த ஜாதிக்கும் குலத்தொழில் என்று எந்த சாஸ்திரத்திலும் எழுதப்படாத ஒரு தொழில் வந்திருக்கின்றதென்றால், அதை நம்மவர்கள் ஏன் விடவேண்டும்? ஆனால் அந்த உத்தியோகத்தைத் தேடுகின்ற விஷயத்தில் நம் மக்கள் படுகின்ற பாடும் ஏமாறுகின்ற ஏமாற்றமும் கொஞ்சநஞ்சமல்ல. காடு கழனியை ஈடு வைத்து மகனையோ மகளையோ இன்ஜினியரிங் படிக்க வைத்த தகப்பன், படிப்பு முடிந்தவுடன் முதலில் போய் நிற்கின்ற இடம் ஜோசியன் வீட்டுத் திண்ணையாய் இருக்கின்றது.

ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்று ஒரு ஊர். அங்குள்ள பாலாஜிக்கு “விசா பாலாஜி” என்றே பெயர். அமெரிக்காவில் சாப்ட்வேர் வேலைக்குப் போக விரும்புகின்றவர்கள் வேண்டிக்கொண்டு 11 சுற்றுச் சுற்றுகிறார்கள். விசா கிடைத்துவிட்டால் திரும்பி வந்து 108 சுற்றுச் சுற்ற வேண்டுமாம். அமெரிக்கச் சட்டமோ, கம்பெனிகளுக்கு ஆண்டொன்றுக்கு 65,000 விசா, அந்நாட்டிலேயே மேல்பட்டம் படித்தவர்களுக்கு இன்னும் 20,000 என்று கணக்குக் கட்டி வைத்திருக்கின்றது. இத்தனை லட்சம் சுற்றுக்குப் பிறகும் அந்த 65,000 என்பது 65,001 ஆகவில்லையே! கிடைத்தவன் 108 சுற்றுகிறான். கிடைக்காதவன் வீட்டில் இருக்கிறான். கோவிலில் போய்ப் பார்த்தால் சுற்றுகிறவன்தானே கண்ணுக்குத் தெரிவான்? இதைப் பற்றி இதற்கு மேல் எழுதக் காகிதத்தைச் செலவு செய்ய நாம் விரும்பவில்லை.

நிற்க, இந்த வேலைக்கு ஆள் எடுக்கின்ற முறைதான் என்ன? பெரிய கம்பெனிகள் கல்லூரிக்கே வருகின்றன. பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டப்படிப்பு ஆகிய மூன்றிலும் 60 சதவிகிதம் இருக்க வேண்டும், அரியர் இருக்கக்கூடாது என்பது பல கம்பெனிகள் வைத்திருக்கின்ற முதல் சல்லடை. பிறகு கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை. அதன் பிறகு புரோகிராம் எழுதச் சொல்லி நேரில் கேள்வி. கடைசியில் எச்.ஆர். என்கின்றவரின் பேட்டி. இதில் தேறினால் ஆண்டுக்கு 3 லட்சம், 4 லட்சம் ரூபாய் சம்பளம். பல ஆண்டுகளாக இந்த ஆரம்பச் சம்பளம் பெரும்பாலும் ஏறவே இல்லை. வேலை உத்தரவைக் கையில் கொடுத்துவிட்டு மாதக் கணக்காக வாசலில் காக்க வைத்த கம்பெனிகளும் 2022-க்குப் பிறகு உண்டு.

இந்தப் படிகளில் எது வித்தையைச் சோதிக்கின்றது, எது வேறொன்றைச் சோதிக்கின்றது என்பதுதான் நம் கேள்வி. ஏனென்றால் “தகுதி, திறமை” என்கின்ற பாட்டை நாம் இன்று நேற்றுக் கேட்கவில்லை. 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தால் தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்டபோதும் இதே பாட்டுத்தான். தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடு கேட்டால் இன்றும் அதே பாட்டுத்தான்.

பாட்டு இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் என்கின்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் 2007-இல் ஒரு சங்கதியை வெளியிட்டார்கள். படிப்பும் அனுபவமும் ஒன்றுபோலவே எழுதி, பெயரை மாத்திரம் மாற்றி, தனியார் கம்பெனிகள் பத்திரிகையில் செய்த 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். மேல்ஜாதிப் பெயருக்குக் கூப்பிடுகின்ற வாய்ப்பு 100 என்றால், தாழ்த்தப்பட்டவர் பெயருக்கு ஏறக்குறைய 67, முஸ்லிம் பெயருக்கு 33. அந்தப் பெயர்களுக்கு முன்னால் “திறமை” எங்கே போயிற்று?

ஆனால் நமக்குச் சாதகமானதை மாத்திரம் எடுத்துச் சொல்லி மற்றதை மறைப்பது பகுத்தறிவுக்காரன் செய்கின்ற காரியமல்ல. அபிஜித் பானர்ஜி முதலிய நால்வர் டில்லியில் இதேபோல் 371 வேலைகளுக்கு 3,160 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். கால் சென்டர் வேலையில், பிற்படுத்தப்பட்டவர் பெயர்களுக்கு மேல்ஜாதிப் பெயர்களைவிடக் கூப்பிட்டது குறைவு. சாப்ட்வேர் வேலையில் அப்பேர்ப்பட்ட ஜாதி வித்தியாசம் காணப்படவில்லை. ஏன்? நமக்குத் தோன்றுகின்ற காரணம் இது. டெலிபோனில் பேசுகின்ற வேலைக்கு “நல்ல உச்சரிப்பு, நல்ல பழக்கவழக்கம்” என்று எதையாவது சொல்லி ஆளைக் கழித்துவிடலாம். புரோகிராம் ஓடுகின்றதா, ஓடவில்லையா என்பதை அப்படிச் சொல்லி மறைக்க முடியாது. கம்ப்யூட்டர் கோத்திரம் கேட்பதில்லை.

இதுவும் கூப்பிடுகின்ற வரைக்கும்தான். எதிரில் உட்கார வைத்த பிறகு வருகின்ற கேள்வி வேறு. கம்பெனிகளில் ஆள் எடுக்கின்ற அதிகாரிகளிடம் சுரிந்தர் ஜோத்காவும் காதரீன் நியூமனும் பேசி 2007-இல் எழுதியிருக்கின்றார்கள். ஜாதி பார்ப்பதில்லை, திறமைதான் பார்க்கின்றோம் என்று சொன்ன அதே அதிகாரிகள், “குடும்பப் பின்னணி” கேட்பது அவசியம் என்றும் சொல்லியிருக்கின்றார்கள். அப்பா என்ன செய்கின்றார், எந்த ஊர், வீட்டில் யார் படித்தவர்கள் என்று கேட்டால், இதில் எந்த வரியில் புரோகிராம் இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

ஆகவே, தேடுகின்ற தோழர்கள் செய்யவேண்டியது, பார்த்தால் தெரிகின்ற வேலையைக் கையில் வைத்துக்கொண்டு போவதுதான். சர்டிபிகேட்டை மாத்திரம் நீட்டினால் கல்லூரியின் பெயரைப் பார்ப்பான். செய்த காரியத்தை நீட்டினால் காரியத்தைப் பார்த்தாக வேண்டும். உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கணக்கு எழுதுகின்ற ஒரு சின்னப் புரோகிராம் செய்து, அது நிஜமாய் ஓடி, அதைக் கிட்ஹப் போன்ற இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தால், மனப்பாடம் செய்த நூறு கேள்வி பதிலைவிட அது பெரிது. கருவிகளுக்குக் காசு வேண்டாம். லினக்ஸ், பைத்தான் எல்லாம் இனாம். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். மூலம் இலவசமாய்க் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2022-இல் ஆரம்பித்த “நான் முதல்வன்” திட்டத்தின் பயிற்சிகளும் இருக்கின்றன. பட்டமே இல்லாமல் பள்ளிப் படிப்பு, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்துச் சம்பளம் கொடுத்துப் பழக்கி வேலைக்கு வைத்துக்கொள்ளுகின்ற காரியத்தை ஜோஹோ என்கின்ற கம்பெனி இருபது ஆண்டுகளாகச் செய்துவருகின்றது. அதை நடத்துகிறவர்களின் மற்ற அபிப்பிராயங்கள் எப்படியானாலும், பட்டமில்லாதவனுக்கும் இத்தொழில் வரும் என்பதற்கு அது ருஜு.

இப்பொழுது எந்திரமே புரோகிராம் எழுதிவிடுகின்றதே என்று சிலர் பயமுறுத்துகின்றார்கள். பயம் முழுப் பொய்யல்ல. ஆனால் எந்திரம் எழுதினதில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு வேலை இருக்கும். பார்த்து எழுதிப் பாசானவன் பாடுதான் திண்டாட்டம்.

இங்கிலீஷைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தொழிலில் இங்கிலீஷ் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தே ஆக வேண்டும். செய்த வேலையைத் தட்டுத்தடுமாறியாவது விளக்கிச் சொல்லவும் வேண்டும். அதற்கு மேல் நாக்கைச் சுழற்றிப் பேசத் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டு ஊரிலேயே உட்கார்ந்திருப்பது வீண்.

பணம் கட்டினால் வேலை, “பின்வாசல் வேலை” என்று சொல்லிக்கொண்டு வருகின்ற தரகனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். யோக்கியமான கம்பெனி எதுவும் வேலைக்கு வருகின்றவனிடம் முன்பணம் கேட்பதில்லை. சம்பளம் கொடுக்க வேண்டியவன் எதற்காக வாங்கவேண்டும்? இல்லாத அனுபவத்தை இருப்பதாக எழுதிக் கொடுக்கின்றேன் என்பவனையும் நம்பாதீர்கள். பின்னால் விசாரணையில் கண்டுபிடித்தால் வேலையும் போகும், பெயரும் போகும். அசல் சர்டிபிகேட்டை எங்களிடம் வைத்துவிட்டுப் போ என்று ஒருவன் சொன்னால், அது பண்ணையாளிடம் எழுதி வாங்கின சீட்டின் புது அவதாரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். தகப்பன்மார்கள் நிலத்தை ஈடு வைக்குமுன் இதையாவது விசாரிக்க வேண்டுகின்றோம்.

கடைசியாக, வேலையில் இருக்கின்ற நம்மவர்களுக்கு ஒரு சங்கதி. கம்பெனிக்குள் இருப்பவன் சிபாரிசு செய்தால் வெளியில் இருப்பவனின் விண்ணப்பம் முன்னால் போகின்றது, சிபாரிசு செய்தவனுக்குச் சன்மானமும் கிடைக்கின்றது. இது ஒளிவு மறைவில்லாமல் நடக்கின்ற ஏற்பாடு. மூன்று தலைமுறையாய்ப் படித்த வீட்டுக்கு உள்ளே பெரியப்பாவும் சித்தப்பாவும் இருக்கின்றார்கள். முதல் பட்டதாரிக்கு யார் இருக்கின்றார்கள்? சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து சம்பளம் வாங்குகின்ற தோழர்கள், ஊருக்கு வருகின்றபோது கெடாவெட்டுக்கும் கும்பாபிஷேகத்துக்கும் நன்கொடை எழுதுவதற்கு முன், பக்கத்துத் தெருப் பிள்ளையின் புரோகிராமை அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துத் தப்பைச் சொல்லிக் கொடுத்து, தேறுகின்றவனாய் இருந்தால் சிபாரிசு எழுதியிருக்கின்றார்களா? இதுவரை எத்தனை பேருக்கு என்று அவரவர்களே எண்ணிப் பார்த்து நமக்கு எழுதினால், அந்தக் கணக்கை வருகின்ற வாரங்களில் இந்தப் பக்கத்திலேயே போடத் தயாராக இருக்கின்றோம்.