துடுப்புக்கு முன் நிலவைப் பாருங்கள்

மாணவர்களே, கேஎல் சென்ட்ரலில் கொமூட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினால், அங்கிருந்து கெத்தாம் தீவுக்குப் படகு கிடைக்கும். தீவெங்கும் சதுப்புநிலக் காடு. கொக்குகள், நண்டுகள், சேற்றில் துள்ளும் மீன்கள். இவற்றை விரட்டாமல் பார்க்க, இயந்திரம் இல்லாத கயாக் ஏற்றதுதான். ஆனால், அதற்குக் கைவலு மட்டும் போதாது. கடலின் கணக்கும் தெரிய வேண்டும்.

நிலவும் சூரியனும் ஈர்ப்பதால் இங்கே கடல் நாளுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கிள்ளான் துறைமுகத்தில் நீர்மட்டம் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்கும். ஒரு மாடி உயரத்துக்கும் மேல்! நீங்கள் கயாக்கில் நுழைந்த ஓடை, 6 மணி நேரத்தில் வெறும் சேறாகிவிடலாம். இறங்கி இழுத்தால் கால் புதையும். மரங்கள் மூச்சுவிடும் வேர்களும் முறியும். வற்றும் நீரோ கப்பல் செல்லும் வழிக்கே இழுத்துச் சென்றுவிடலாம்.

இந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே, நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. தேசிய ஹைட்ரோகிராபி மையம் வெளியிடும் கடல் ஏற்ற வற்ற அட்டவணைதான் உதவும்.

நிலவின் கலைகளைத் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். புறப்பாட நடவடிக்கையாகக் கயாக் பயணம் போகும் பள்ளிகளில், புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் மாணவர்களே அட்டவணை பார்த்துக் கணிக்கட்டும், பயிற்றுநர் சரிபார்க்கட்டும். கணக்கு முடிந்த பிறகே துடுப்பைக் கையில் எடுங்கள்.