மழைக்கு மரியாதை கொடுத்து டூர் போவோம்!



ஆண்டு மலரில் டூர் பற்றிக் கட்டுரை என்றாலே என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். "பஸ் கிளம்பியது... பாட்டு ஒலித்தது... அருவியில் ஆசை தீரக் குளித்தோம்..." அப்படி ஒன்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் போன நவம்பரில் நாங்கள் போன டூரில் அருவியும் இல்லை, கொடைக்கானலும் இல்லை. அதனால் இந்த முறை கொஞ்சம் கறாராகவே எழுதுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தத் திட்டத்தைப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

திட்டம் இதுதான். பரீட்சை முடிந்த கையோடு கிளம்புவது. முதல் நாள் தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம். இரவோடு இரவாகக் கொடைக்கானல். மறுநாள் ஏரி, அருவி எல்லாம் பார்த்துவிட்டு அன்று இரவே ஊர் திரும்புவது. பேப்பரில் பார்க்க எவ்வளவு அழகு!

நடந்தது வேறு. பஸ் கிளம்பியதே லேட். தஞ்சாவூர் போய்ச் சேரும்போது மதியம் ஒரு மணி. சந்நிதி நடை சாத்தியாகிவிட்டது. கொட்டுகிற மழையில் கோபுரத்தின் முன் ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான். தாராசுரத்தில் முன்புறம் கணுக்கால் அளவு தண்ணீர். பாதிப் பேர் பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு வத்தலக்குண்டு தாண்டி மலையடிவாரத்துக்கு வந்தோம். டிரைவர் அண்ணன் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டார்.

"தம்பி, இந்த மழையில ராத்திரி வண்டிய ஏத்த மாட்டேன். விடியட்டும், பாப்போம்" என்றார்.

எங்களுக்கு வந்ததே கோபம்! "காசு கொடுத்திருக்கோம்ல, ஏத்துங்கண்ணே" என்று கத்தியவர்களில் என் குரலும் உண்டு. அவர் பதில் பேசாமல் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். விடிந்த பிறகு, மேலே போன வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மரம் விழுந்து, மண்ணும் சரிந்து, ரோடு அடைத்துக் கிடக்கிறதாம். பத்து மணி வரை பார்த்துவிட்டு நாங்களும் திரும்பினோம். எங்கள் கத்தலுக்குப் பயந்து அவர் வண்டியை ஏற்றியிருந்தால்? இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

திரும்பி வரும்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் மெதுவாகக் கேட்டான்: "மச்சான், அம்மா என்ன பாத்தேன்னு கேட்டா என்னடா சொல்றது?" அவன் கட்டிய டூர் பணம், அவன் அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது. அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையைத்தான் பதிலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி மழைக்காலத்தில் டூரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மழைக்காலத்தில்தான் போக வேண்டும் என்கிறேன். ஆனால் எந்த மழை என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

நமக்கு மழை இரண்டு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற மழை காவிரியிலும் கபினியிலும் இறங்கி மேட்டூருக்கு வந்து சேரும். தஞ்சாவூரில் அப்போது அவ்வப்போது ஒரு மாலை மழை, அவ்வளவுதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில்தான். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், புயல் என்று வரும். கொடைக்கானலுக்கும் அக்டோபர், நவம்பரில்தான் மழை அதிகம்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. டெல்டாவில் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுத் திண்டுக்கல் மாவட்டம் வரை போய்க் கொடைக்கானலிலும் மரங்களைத் தள்ளியது. தஞ்சாவூரிலிருந்து கொடைக்கானலுக்கு நாம் போட்ட ரூட்டும் ஏறக்குறைய அதே பக்கம்தான்! 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதெல்லாம் தெரிந்தும் "எக்ஸாம் முடிஞ்சுதா, கிளம்பு" என்று நவம்பரில் மலை ஏறுவது என்ன புத்திசாலித்தனம்?

ஆகவே என் கட்சி ஆகஸ்ட். "ஆகஸ்ட்ல தஞ்சாவூர்ல மழையே இருக்காதே, அது என்ன மழைக்கால டூர்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் தேதி ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். திறந்துவிட்ட வருஷம் ஆடிப் பதினெட்டுக்குப் பிறகு கல்லணையில் போய் நின்று பாருங்கள். குடகு மழை அங்கே வந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். 'இரிகேஷன்' பாடத்தில் மனப்பாடம் செய்து எழுதியது அப்போதுதான் மண்டையில் ஏறும்.

கோயிலும் அப்படித்தான். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த கருங்கல் விமானம் ஆயிரம் வருஷ மழையில் நனைந்தும் நிற்கிறது. நாம் போடும் மொட்டை மாடி ஐந்தாவது வருஷமே ஒழுகுகிறது. கோயிலை ஒட்டிய சிவகங்கைக் குளத்துக்குச் செவ்வப்ப நாயக்கன் ஏரியிலிருந்து நிலத்தடி வழியாகத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். வெயில் காலத்தில் போனால் இதெல்லாம் வெறும் கல். தண்ணீர் இருக்கும்போது போனால் இன்ஜினியரிங். மலை ரோட்டின் தாங்கு சுவரில் சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பார்களே, 'வீப் ஹோல்', அதில் தண்ணீர் வடிவதை லேசான மழையில் பார்க்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் சுவருக்குப் பின்னால் தண்ணீரின் அழுத்தம் ஏறி என்ன ஆகும் என்று ஸாரிடம் அங்கேயே கேட்கலாம்.

சரி, எப்படிப் போவது? வரும் சங்கப் பொறுப்பாளர்களுக்கு என் யோசனைகள்:

1. முதல் நாள் விடியற்காலையிலேயே தஞ்சைக் கோயிலில் இருக்க வேண்டும். மதியம் நடை சாத்தும் நேரத்தில் கல்லணை. இரவு திருச்சியில் தங்கல்.

2. மலையைப் பகலில் மட்டுமே ஏறுவது, பகலில் மட்டுமே இறங்குவது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. "மழைல, ராத்திரி பஸ்லயா?" என்று வீட்டில் தடுத்ததால் வராமல் போன தோழியர் எத்தனை பேர்! பகல் பயணம் என்றால் அவர்களும் வருவார்கள்.

3. முந்தின நாள் மாலை வானிலை மையத்தின் எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்துக்கு ஆரஞ்சு என்றால் மலை கேன்சல். அதற்கு மாற்றுத் திட்டம் முதலிலேயே இருக்கட்டும். சித்தன்னவாசல், நார்த்தாமலை இரண்டும் புதுக்கோட்டைப் பக்கம், திருச்சியிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம். நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம் பெரிய கோயிலுக்கும் மூத்தது.

4. கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்கும் முறை 2024 மே மாதம் வந்தது. கிளம்புவதற்கு முன் அன்றைய விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

5. பணத்தை ஜூன் மாதத்திலிருந்து மாதா மாதம் கொஞ்சமாக வாங்கலாம். மலைக்குப் போகாவிட்டால் மிச்சப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்.

6. மலை அடிவாரத்தில் டிரைவர் அண்ணன் சொல்வதே தீர்ப்பு. ஓட்டெடுப்புக்கு அங்கே வேலை இல்லை.

"இவ்வளவு ரூல்ஸ் போட்டா டூர்ல ஜாலி எங்க?" என்பீர்கள். பாட்டு இருக்கட்டும், ஆட்டம் இருக்கட்டும், கடைசி சீட் கச்சேரியும் இருக்கட்டும். எதையும் நான் தடுக்கவில்லை. ஆனால் போன இடத்தைப் பார்த்துவிட்டு, போனவர்கள் அத்தனை பேரும் வீடு திரும்பி, "என்ன பாத்தே?" என்று அம்மா கேட்கும்போது வாய் நிறையச் சொல்ல முடிந்தால் அதைவிட ஜாலி எது?

என் நண்பனுக்கும் எனக்கும் இது கடைசி வருஷம். கல்லூரி டூர் எங்களுக்கு இனி இல்லை. உங்களுக்கு இன்னும் ஆகஸ்டுகள் இருக்கின்றன. ஜூனிலேயே உட்கார்ந்து திட்டம் போடுங்கள், தோழர்களே!

– மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்