பறைக்கு மேடை தருகிறார்கள், தெருவுக்கு வழி தருவார்களா?

செங்கல்பட்டைத் தாண்டித் திண்டிவனம் நோக்கிப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில், மதுராந்தகத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வயல்களில் கல் நட்டுக் கொடி கட்டியிருக்கிறார்கள். மனை விளம்பரங்களில் முன்பெல்லாம் குடிநீர், தார்ச்சாலை, வங்கிக் கடன் வசதி இவ்வளவுதான் இருக்கும். இப்போது ‘பாரம்பரியம்’, ‘கிராமியக் கலை’, ‘கம்யூனிட்டி லைஃப்’ எல்லாம் சேர்ந்துவிட்டன. மனை விற்பனைத் தொடக்க நாளில் பறையாட்டம், கரகம், பொய்க்கால் குதிரை. பொங்கலுக்குக் கோலப் போட்டி. ஊர்த் திருவிழாவின் இன்னிசைக் கச்சேரிக்கு நன்கொடை. பிளெக்ஸில் அம்மன் படத்தைவிடப் பெரிதாகப் புரமோட்டர் படம்.

இதைப் பற்றி நம் தோழர்கள் இரண்டு விதமாகப் பேசக் கேட்கிறேன். ‘இது முதலாளிகளின் தந்திரம், விடுதலையின் கருவியான பறையை மனை விற்கக் கொண்டுபோகக் கூடாது’ என்பது ஒன்று. ‘சாவுக்கு மட்டும் அடி என்று ஒதுக்கிய கருவிக்கு இன்று மேடையும் கூலியும் கிடைக்கிறது, அதைக் கெடுக்காதீர்கள்’ என்பது இன்னொன்று. இரண்டுமே கலைஞரைக் கூண்டில் நிறுத்தித்தான் பேசுகின்றன. அவர் போகலாமா, கூடாதா என்று நாம் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது, பணம் கொடுப்பவர் எந்தக் கேள்வியும் இல்லாமல் நழுவிவிடுகிறார். கேள்வியை அவர் பக்கம் திருப்ப வேண்டும் என்பது என் கருத்து. அவர் ‘ஆதரவு’ என்று தருவது அவருடையதுதானா? ஊருக்குச் சேர வேண்டியதில் எவ்வளவு அவர் சுற்றுச்சுவருக்குள் இருக்கிறது?

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ‘கம்யூனிட்டி சர்டிபிகேட்’ என்றால் சாதிச் சான்றிதழ். ‘எங்க சமூகம்’ என்று ஒருவர் சொன்னால் அவர் தன் சாதியைச் சொல்கிறார். நம் குடியிருப்புக்கு வைத்த பெயர் ‘காலனி’. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் அறிவிக்கவே 2025 வரை ஆயிற்று. ஆக, நாம் இருந்தால் காலனி, அவர்கள் இருந்தால் கேட்டட் கம்யூனிட்டி. இப்படிப்பட்ட நாட்டில் ‘சமூக வாழ்வை ஆதரிக்கிறோம்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், எந்தச் சமூகத்தின் வாழ்வை என்று கேட்பது நம் உரிமை.

நன்கொடை எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். பெரிய கம்பெனிகளுக்குச் சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அதில் கலை, பண்பாடு, மரபுக் கைவினைகளும் அடக்கம். நம் பக்கத்து மனைப் புரமோட்டர்களில் பெரும்பாலோர் அந்த அளவுக்கு வளர்ந்தவர்கள் இல்லை. அவர்கள் தருவது விழாக் கமிட்டிக்கு. விழாக் கமிட்டி யார் கையில் இருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஊர்ப் பக்கத்து அம்மனுக்குச் சீரியல் விளக்கும் கச்சேரியும் வரும். சேரிப் பக்கத்துக் கன்னியம்மனுக்கு இளைஞர்கள் வீடு வீடாக ரசீது புத்தகத்தோடு அலைவார்கள். புரமோட்டர் தனிப்பட்ட முறையில் சாதி பார்க்காதவராகவே இருக்கலாம். ஆனால் சாதி போட்டு வைத்த வாய்க்காலில் பணத்தை ஊற்றினால், அது மேட்டுத் தெருவுக்குத்தான் பாயும்.

புரவலர் பெயர் கல்லில் இருக்கும், உழைத்தவர் பெயர் மண்ணில் போகும் என்பதற்கு மதுராந்தகமே பழைய சாட்சி. ஏரி காத்த ராமர் கோயில் கதை எல்லோருக்கும் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், கொட்டும் மழையில் ஏரிக்கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் காவல் நின்றதைக் கண்டாராம். நன்றிக்கடனாகத் தாயார் சன்னதிக்கு அவர் செய்த தருமம் அங்கே கல்வெட்டில் இருக்கிறது. கரையைக் காத்தவர் ராமர், சன்னதி கொடுத்தவர் துரை. ஆண்டுதோறும் அந்தக் கரைக்கு மண் சுமந்து, மதகு திறந்து, இரவில் தண்ணீர்க் காவல் இருந்த மக்களுக்கு அந்தக் கதையில் ஒரு வரிகூட இல்லை. இன்றைய பிளெக்ஸ் அந்தக் கல்வெட்டின் மலிவுப் பதிப்பு.

இந்த மாவட்டத்தின் நிலக்கதை அதோடு நிற்கவில்லை. 1891இல் செங்கல்பட்டின் பொறுப்பு கலெக்டராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர், இங்குள்ள பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலம் கேட்டு மனுப் போட்டாலும் மிராசுதாரர்கள் எப்படித் தடுக்கிறார்கள், குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் தயவில் இருப்பதால் கூலி கேட்டு வாய் திறக்க முடியாமல் எப்படி அடிமைப்பட்டுக் கிடக்கிறார்கள் என்பதையெல்லாம் அதில் சொன்னார். அதன் விளைவாக 1892இல் வந்த அரசாணையில் பிறந்தவைதான் பஞ்சமி நிலங்கள். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையை மீறித்தான் ஏராளமான நிலம் கைமாறியிருக்கிறது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுப் போராடியதற்காக, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். எந்த மாவட்டத்தில் பஞ்சமி நிலம் என்ற எண்ணம் பிறந்ததோ, அந்த மாவட்டத்திலேயே அதைத் திருப்பிக் கேட்டவர்கள் சுடப்பட்டார்கள். இந்த மண்ணில் மனை போடுகிறவர் ‘மண்ணின் கலை’ என்று பேசினால், முதலில் அந்த மண்ணின் பழைய பதிவேட்டை எடுத்துப் பேசட்டும். ஒரு மனைப்பிரிவுக்குள் பஞ்சமி நிலம் இருந்தால், அங்கே எத்தனை பறைக்குழுக்கள் ஆடினாலும் அது திருட்டு நிலம்தான்.

சரி, நிலம் முறையாக வாங்கியதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு முடியவில்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், சாலை நீங்கலாக உள்ள பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அதற்குப் பதில் பணம் கட்டித் தப்ப முடியாது. மனைப்பிரிவின் சாலைகளும் அப்படியே உள்ளாட்சியிடம் போக வேண்டும். இதன் பொருளை நம் இளைஞர்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் ‘எங்கள் குடியிருப்பாளர்களுக்கான பூங்கா’ என்று காட்டுகிறார்களே, அது ஊராட்சியின் சொத்து. சேரிப் பிள்ளை அங்கே போய் ஊஞ்சல் ஆடலாம். அங்கே கூத்து நடத்தலாம், அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டம் போடலாம். ஊராட்சியின் மற்ற பொது இடங்களுக்கு என்ன விதியோ அதே விதிதான் இதற்கும். அந்தச் சாலையில் கேட் போட்டு, செக்யூரிட்டியை உட்கார வைத்து, ‘யாரைப் பார்க்கணும்?’ என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

இந்த உரிமைக்கு நம் ஊரிலேயே ஒரு தலைவர் இருக்கிறார். இரட்டைமலை சீனிவாசன் பிறந்த கோழியாளம் மதுராந்தகம் பக்கம்தான். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் ஒடுக்கப்பட்ட மக்களைத் தடுக்கக் கூடாது என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். அந்தத் தீர்மானம் நிறைவேறி அரசாணையும் ஆயிற்று. அது நூறாண்டைக் கடந்துவிட்டது. அன்று தெரு முனையில் நின்று தடுத்தவரின் வேலையை இன்று இரும்பு கேட் செய்கிறது. கேட்டுக்கு சாதி தெரியாது என்பார்கள். உள்ளே மனை வாங்கும் பணம் யாரிடம் சேர்ந்தது, வயல் விற்ற காசு யாருக்குப் போனது, அதே வயலில் நாற்று நட்டவர் கையில் என்ன மிஞ்சியது என்று பார்த்தால் கேட்டின் சாதி தெரிந்துவிடும்.

வழியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல ஊர்களில் சேரியின் சுடுகாட்டுக்குப் போகும் பாதை என்று பதிவேட்டில் எதுவும் இருக்காது. வயல் வரப்புதான் பாதை. அறுவடைக் காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு கெஞ்ச வேண்டியிருக்கும். வயல் மனையாகும்போது அந்த வரப்பும் காணாமல் போகிறது, அதன்மேல் சுற்றுச்சுவர் எழுகிறது. தொடக்க விழாவில் பறை அடிக்க ஒருவரை முன்வாசல் வழியாக மாலை போட்டு அழைப்பார்கள். அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அதே நிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கலைக்கு ஆதரவு உண்மையா பொய்யா என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு அளவுகோல் தேவையில்லை. பொது இடத்துக்குப் போகும் வழக்கமான வழியைப் பட்டியலின மக்களுக்கு மறுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் குற்றம் என்பதையும் அவர்களுக்கு நினைவூட்டலாம்.

கலையை மேலே பூசி நிலக்கேள்வியை மூடுவது மதுராந்தகத்தில் மட்டும் நடப்பதல்ல. இங்கிருந்து வடக்கே, பழைய மகாபலிபுரம் சாலையோரத்துக் கண்ணகி நகரைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு முதல் சென்னையின் நடுப்பகுதிகளிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் அகற்றப்பட்ட மக்களை, 15,000க்கும் மேற்பட்ட சிறிய வீடுகளில் கொண்டுபோய் வைத்த இடம் அது. 2020இல் ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆதரவோடு, ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து அந்தக் குடியிருப்பின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைந்தன. ஓவியங்கள் அழகாக இருக்கின்றன, அங்குள்ள பிள்ளைகள் அவற்றை ரசிக்கிறார்கள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் சுவருக்கு வண்ணம் வந்த பிறகும், வேலைக்குப் போகும் இடத்தில் முகவரி சொல்லத் தயங்கும் நிலை மாறவில்லை. ஏன் இவ்வளவு தூரத்தில் கொண்டுவந்து கொட்டினீர்கள் என்ற கேள்விக்கு ஓவியம் பதிலாகாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒன்றைச் சொல்கிறேன். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும், துணியில் பாட்டிக் வேலை போன்ற கைவினைகள் செய்து விற்ற காசைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். அது சாதி ஒழிப்பு முயற்சி ஒன்றுமில்லை. ஆனாலும் அதைச் சுற்றிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலத்தின் விலை எங்கேயோ போனபோதும் அந்தக் கிராமம் நிற்கிறதென்றால், கால் வைத்திருக்கும் நிலம் கலைஞர்களுடையது என்பதால்தான். நம் பக்கத்துப் பறைக்குழுக்களுக்கும் கூத்து ஜமாக்களுக்கும் ஒத்திகை பார்க்கச் சொந்தமாக ஒரு கொட்டகை உண்டா? அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சிதான். விருது மார்பில் இருக்கும், காலுக்குக் கீழே நிலம் வேண்டும்.

அப்படியானால் மனை விழாவுக்கு அழைப்பு வந்தால் என்ன செய்வது? போகட்டும் என்றுதான் சொல்வேன். மனை விற்கிறவரின் காசில் எல்லோரும் பிழைக்கும்போது பறை அடிப்பவர் மட்டும் தீட்டுப் பார்க்க வேண்டும் என்பது நியாயமில்லை. ஆனால் வெற்றிலை பாக்குக்கும் ‘பார்த்துக் கொடுக்கிறோம்’ என்ற பேச்சுக்கும் போகக் கூடாது. அந்தப் பழைய ஊழியத்தை உதறத்தான் நம் முந்தைய தலைமுறை பறையையே தூக்கி எறிந்தது. கூலி எவ்வளவு, யார் யாருக்கு, எத்தனை மணி நேரம் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பாதி முன்பணம். விருந்தினருக்குப் போடும் அதே பந்தியில் சாப்பாடு. பிளெக்ஸில் ‘கிராமியக் கலைஞர்கள்’ என்று மொட்டையாகப் போடாமல் குழுவின் பெயர். இதற்கு ஒப்புக்கொள்ளாதவர் கலையை ஆதரிக்கவில்லை, சத்தத்தை வாடகைக்கு எடுக்கிறார்.

மற்ற வேலை நம்முடையது. உங்கள் ஊரில் உள்ள மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், பொதுவாக அது ரேராவில் பதிவாகியிருக்க வேண்டும். வரைபடத்தை இணையதளத்தில் தேடி எடுங்கள். திறந்தவெளி எங்கே, சாலை எது என்று பாருங்கள். தானப் பத்திரத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஊராட்சியிடம் கேளுங்கள். பஞ்சமி சந்தேகம் இருந்தால், 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். பதிவோடு நிற்காமல், அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டைக் கேளுங்கள். சுடுகாட்டுப் பாதையை வரைபடத்தில் ஏற்றச் சொல்லி அடுத்த கிராம சபையில் தீர்மானம் வையுங்கள். ரசீது புத்தகத்தோடு புரமோட்டர் அலுவலகத்தில் நிற்பதைவிட இது கொஞ்சம் மெனக்கெட்ட வேலைதான். ஆனால் ரசீதில் அவர் எழுதுவது ஐயாயிரம் ரூபாய். வரைபடத்தில் நமக்கு வர வேண்டியது பத்தில் ஒரு பங்கு நிலம்.

அந்த இடத்தின் கேட்டைத் திறந்துவிட்டு, நம் கன்னியம்மன் திருவிழாவையும் ஏப்ரல் 14ஐயும் அங்கேயே நடத்துவோம். அன்றைக்குப் புரமோட்டர் வந்தால் நாற்காலி போடுவோம். முன்வரிசையில்தான் வேண்டும் என்றால் சீக்கிரம் வரச் சொல்லுங்கள்.