கடற்காவலும் கதிரொளி மின்சாரமும்

ஒரு நாட்டின் கடற்படை எந்தெந்த நாடுகளோடு கைகோத்து நிற்கிறது என்னும் செய்தியும், அந்நாட்டு வீடுகளின் விளக்குகள் எவ்வகை மின்சாரத்தால் எரிகின்றன என்னும் செய்தியும் நாளிதழ்களில் வெவ்வேறு பக்கங்களில் அச்சாகின்றன. முன்னதைப் படைத்துறை அறிந்தோர் பேசுவர். பின்னதைப் பொறியியல் கற்றோர் பேசுவர். இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பார் அரியர். ஆயின், இவ்விரண்டும் ஒரே கணக்கேட்டின் இரு பத்திகள் என்பது நம் கருத்து. நம் நாடாகிய இந்தியாவை முன்னிறுத்தி இக்கருத்தை ஈண்டு ஆராய்வோம்.

இந்தியாவின் அயல்நாட்டு வாணிகத்தில், அளவு நோக்கில், ஏறத்தாழ 95 விழுக்காடு கடல்வழியே நடைபெறுகிறது. நாட்டிற்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டிற்கும் மேலானது பிற நாடுகளிலிருந்து வருகிறது. இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழப் பாதியும், சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடும் இறக்குமதியே. இவற்றுள் கணிசமான பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து ஹார்முஸ் என்னும் குறுகிய நீரிணையின் வழியே வருவது. அந்நீரிணையில் ஒரு கப்பல் தாக்கப்பட்டால், காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ ஓர் ஏழை வீட்டு அடுக்களையில் கவலை பிறக்கிறது. அரேபியக் கடலின் அமைதிக்கும் நம் அடுப்பின் தீக்கும் உள்ள தொடர்பு இத்துணை நெருக்கமானது.

இத்தொடர்பை உணர்ந்தே இந்தியக் கடற்படை கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகளோடு நட்புப் பயிற்சிகளை வளர்த்து வந்துள்ளது. அமெரிக்காவுடன் 'மலபார்' பயிற்சி 1992 இல் தொடங்கிற்று; பின்னர் ஜப்பானும், 2020 இல் ஆஸ்திரேலியாவும் அதில் இணைந்தன. சிங்கப்பூருடன் கூட்டுப் பயிற்சி 1994 முதல் நடைபெறுகிறது. 1995 இல் அந்தமானின் போர்ட் பிளேரில் நான்கு அயல்நாட்டுக் கடற்படைகளோடு தொடங்கிய 'மிலன்', 2024 இல் விசாகப்பட்டினத்தில் ஏறத்தாழ ஐம்பது நாடுகள் கூடும் பெருவிழாவாயிற்று. பிரான்சுடன் 'வருணா', இலங்கையுடன் 2005 முதல் 'சிலினெக்ஸ்' என இப்பட்டியல் நீளும். ஓமன் நாட்டின் துக்ம் துறைமுகத்தை இந்தியக் கப்பல்கள் பயன்படுத்த 2018 இல் வழி பிறந்தது. அடுத்த ஆண்டிலேயே ஓமன் வளைகுடாவில் நெருக்கடி மூண்டபோது, நம் எண்ணெய்க் கப்பல்களுக்குத் துணையாகப் போர்க்கப்பல்கள் அனுப்பப்பட்டன.

இக்கூட்டுறவுகளின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, தன் கரையிலேயே பிணங்கள் ஒதுங்கிய வேளையிலும், இந்தியக் கடற்படை இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் உதவிக்கப்பல்களை அனுப்பியது. 2015 இல் ஏமன் நாட்டில் போர் மூண்டபோது, கடல்வழியும் வான்வழியுமாக 4,600க்கும் மேற்பட்ட இந்தியரோடு 41 நாடுகளைச் சேர்ந்த அயலார் நூற்றுக்கணக்கானோரும் மீட்கப்பட்டனர். பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு நாள்தோறும் செய்திக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் மிகுந்த நம் ஊர்களில், கடற்படையின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

எனினும், கடற்கூட்டுறவு எதன்பொருட்டு என்னும் வினாவைக் கேட்டாக வேண்டும். வரலாறு இதற்கொரு கசப்பான பாடம் வைத்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கடற்படையை நடத்தியவர்கள் குஞ்சாலி மரைக்காயர்கள். கடலில் செல்லும் கலங்களெல்லாம் தம்மிடம் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் எனக் கட்டளையிட்ட போர்த்துக்கீசியரை அவர்கள் தலைமுறை தலைமுறையாக எதிர்த்து நின்றனர். ஆயின், நான்காம் குஞ்சாலிக்கும் சாமூதிரிக்கும் பகை முற்றியபோது, சாமூதிரி அந்தப் போர்த்துக்கீசியரோடே உடன்படிக்கை செய்துகொண்டார். 1600 இல் குஞ்சாலி சரணடைந்தார். கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அரசர் தம் தளபதியை இழந்தார், கடலையும் மீட்டாரில்லை. இன்று மும்பையிலுள்ள கடற்படை நிலையமொன்று குஞ்சாலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அன்றைய அச்சத்தால் செய்துகொள்ளும் கூட்டு நாளைய வலிமையைத் தின்றுவிடும் என்பதே அவ்வரலாறு உணர்த்துவது.

இன்று நம்மை அச்சுறுத்துவது எது? பிறர் மண்ணில் ஊறும் எரிபொருளுக்கு நாம் காத்துக் கிடப்பதே. கடற்படை அந்தச் சார்பைக் காவல் செய்யலாம். குறைக்க அதனால் இயலாது. ஒவ்வோர் ஆண்டும் எண்ணெய்த் தேவை பெருகுமாயின், காக்க வேண்டிய கப்பல்களும் பெருகும். நாட வேண்டிய துணைகளும் பெருகும். அத்துணைகளுக்கு ஈடாக விட்டுக்கொடுக்க வேண்டியவையும் பெருகும். ஓட்டைப் பானையில் நீர் நிறைக்க இறைப்பவர்களை மட்டும் கூட்டிக்கொண்டே போவது அறிவுடைமையாகாது. ஓட்டையை அடைக்கும் பணி மின்சாரத் துறையினுடையது.

அப்பணி எந்த அளவில் நிற்கிறது? 2021 இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2030க்குள் புதைபடிவ எரிபொருள் சாராத 500 கிகாவாட் மின்திறனை எய்துவதாக இந்தியா உறுதி கூறிற்று. 2025 ஜூன் இறுதியில் நாட்டின் மொத்த நிறுவு திறனாகிய 484.8 கிகாவாட்டில் பாதி, நீர், காற்று, கதிரவன், அணு முதலிய வழிகளைச் சார்ந்ததாயிற்று. இது பெருமைக்குரியதே. ஆயின் நிறுவு திறன் வேறு, உண்மையில் பிறக்கும் மின்சாரம் வேறு. கதிரவன் இரவில் காய்வதில்லை. காற்று எல்லாத் திங்களிலும் வீசுவதில்லை. ஆகவே 2024 ஆம் ஆண்டிலும் நாட்டில் பிறந்த மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்தே கிடைத்தது. பகலில் மிகும் மின்சாரத்தைக் கொண்டு நீரை மேலேற்றி, இரவில் இறக்கி மீண்டும் மின்சாரம் பெறும் கடம்பாறைத் திட்டம் போன்றவை இன்னும் பல தேவை. 400 மெகாவாட் திறனுடைய அத்திட்டம் நம் மாநிலத்தில் 1980களின் இறுதியிலேயே செயற்பட்டது என்பது பலர் அறியாதது.

இங்கே ஓர் ஐயம் எழும். கச்சா எண்ணெயை எரித்து நாம் மின்சாரம் எடுப்பது மிகக் குறைவு. நிலக்கரியின் பெரும்பகுதி நம் நாட்டுச் சுரங்கங்களிலிருந்தே வருகிறது. அவ்வாறாயின், தூய மின்சாரம் கடற்காவலின் சுமையை எங்ஙனம் குறைக்கும் என வினவுவர். நியாயமான வினாவே. மின் நிலையத்தின் புகைபோக்கியைத் தூய்மையாக்குவதோடு நின்றுவிட்டால், எண்ணெய்க் கப்பல் ஒன்றும் குறையாது. அத்தூய மின்சாரம் பேருந்துக்கும் தானிக்கும் உழவர் நீரிறைப்புக்கும் அடுக்களைக்கும் சென்று சேரும்போதுதான் ஹார்முஸ் வழியே வரும் சுமை இறங்கும். எனவே மின்சாரத் திட்டத்தின் வெற்றியைக் கிகாவாட்டில் மட்டும் அளத்தல் போதாது. எத்தனை குடும்பங்களும் ஊர்திகளும் இறக்குமதி எரிபொருளை விடுத்தன என்பதைக் கொண்டும் அளத்தல் வேண்டும். நிலக்கரியும் கடலுக்கு முற்றிலும் அயலானதன்று. நம் தூத்துக்குடி அனல்மின் நிலையத்திற்குரிய நிலக்கரி ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி வருவதன்றோ?

கடற்கூட்டுறவும் தூய மின்சாரமும் ஒரே இடத்தில் சந்திப்பதைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளில் காற்றும் கதிரவனும் சேர்ந்த மின் நிலையங்கள் அமைக்கும் பணி, 2021 சனவரியில் சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. தமிழகக் கரைக்கு இத்துணை அருகில் அவர்கள் வருவதை இந்தியா விரும்பவில்லை. அவ்வாண்டின் இறுதியில் சீனத் தரப்பு பணியை நிறுத்தியது. 2022 இல் இந்தியா நன்கொடையாக அப்பணியை ஏற்றது. 2024 இல் பணிக்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒரு சிறு தீவின் விளக்கை எவர் ஏற்றுவது என்பது இரு பெருநாடுகளின் கடற்கணக்கில் இடம்பெற்றுவிட்டது. இதற்கிடையே அத்தீவு மக்கள் காத்திருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

திருகோணமலையைப் பாருங்கள். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய அதனை ஆங்கிலேயக் கடற்படை 1957 வரை தன் தளமாகக் கொண்டிருந்தது. அதன் அருகே சம்பூரில் இந்தியத் துணையுடன் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டு, 2016 இல் அது கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாட் கதிரொளி மின் நிலையத்திற்கான பணி 2025 ஏப்ரலில் தொடங்கி வைக்கப்பட்டது. அந்நாளிலேயே கொழும்பில் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடும், இரு நாட்டு மின்வலையை இணைப்பது பற்றிய உடன்பாடும் கையெழுத்தாயின. இது நல்ல திசை. ஆயின் சம்பூர் மக்கள் 2006 இல் போரால் இடம்பெயர்ந்து, நீண்ட ஆண்டுகளுக்குப் பின்னரே தம் நிலத்திற்கு மீண்டவர்கள். அரசுகள் இரண்டும் கைகுலுக்கும்போது, அந்நிலத்தின் மக்கள் பார்வையாளராக நிறுத்தப்படக் கூடாது.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. எண்ணெய்ச் சார்பை விட்டோம் என மகிழ்ந்து புதிய சார்பில் விழுந்துவிடலாம். கதிரொளித் தகடு செய்யும் ஒவ்வொரு படிநிலையிலும் உலகத் திறனில் 80 விழுக்காட்டிற்கு மேல் சீனாவிடம் குவிந்திருப்பதாக அனைத்துலக எரிசக்தி முகமை 2022 இல் எடுத்துரைத்தது. மின்கலங்களுக்கான கனிமங்களும் தொலைநாடுகளிலிருந்தே வருகின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. எண்ணெய்க் கப்பல் ஒரு வாரம் நின்றால் சந்தை நடுங்கும். தகடு ஏற்றிய கப்பல் ஒரு வாரம் நின்றால் முன்னரே பொருத்திய தகடுகள் வழக்கம்போல் மின்சாரம் தந்துகொண்டிருக்கும். அவை இருபத்தைந்து ஆண்டுகள் உழைப்பவை. ஆகவே, நட்பு நாடுகளோடு கப்பற் பயிற்சி நடத்தும்போதே, தகடும் மின்கலமும் கூட்டாகச் செய்யும் உடன்பாடுகளையும் நாம் கேட்டுப் பெறல் வேண்டும்.

இதற்குரிய வாயில் நம்மிடம் உள்ளது. 2015 இல் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து அறிவித்த பன்னாட்டுச் சூரிய ஆற்றல் கூட்டணியின் தலைமையகம் குருகிராம் நகரில் உள்ளது. இந்தியப் பெருங்கடலில் செல்லும் கப்பல்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டும் கடற்படையின் தகவல் மையமும் 2018 முதல் அதே நகரில் இயங்குகிறது. கடற்காற்று படாத ஓர் ஊரில் இவ்விரு நிலையங்களும் அருகருகே அமைந்தன. இவ்விரண்டும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுதல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இறுதியாக, நம் கரையின் நியாயம். 1986 இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் நாட்டின் முதற் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்று எழுந்தது. இனி, கடலுக்குள்ளேயே காற்றாலைகள் நிறுவ 2024 இல் நடுவணரசு ஒப்புதல் அளித்த திட்டத்தில் தமிழகக் கடற்பகுதிக்கு 500 மெகாவாட் ஒதுக்கப்பட்டுள்ளது. அங்கே வலைவீசி வாழ்வோரைக் கேளாமல் தூண்கள் நடப்படுமாயின், அம்மின்சாரம் புகையற்றதாக இருக்கலாம், குறையற்றதாக இராது. கடலோர மக்களே கடற்காவலின் முதற் கண்கள். அவர்கள் மனம் கசந்தால் எந்தக் கடற்படையும் கரையை முழுமையாகக் காக்க இயலாது.

மாணவச் செல்வங்களே! ஒருகாலத்தில் இக்கரைகளிலிருந்து மரக்கலங்கள் காற்றை மட்டுமே நம்பிப் பினாங்குவரை பாய்விரித்துச் சென்றன. அக்காற்றுக்கு எவரிடமும் விலை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதனை எந்த நீரிணையிலும் எவரும் மறிக்க இயலவில்லை. இயற்பியல் பயில்வோர் மின்கலத்தை ஆராயுங்கள்; வணிகவியல் பயில்வோர் இறக்குமதிக் கணக்கைப் புரட்டுங்கள்; வரலாறும் தமிழும் பயில்வோர் இவற்றை ஊரார்க்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்லுங்கள். பெரியோர்களும் தம் கல்வி நிலையங்களின் கூரைகள் வெயிலை வீணே வாங்கிக் கிடப்பதை எண்ணிப் பார்ப்பார்களாக. நம் கூரையில் பிறக்கும் மின்சாரத்திற்குப் போர்க்கப்பலின் துணை வேண்டுவதில்லை.